ஸ்விஃப்ட் கதவு மோல்டிங்கைப் பெயிண்ட் உரியாமல் கழற்றினேன், மூன்று கதவுகளில் மட்டும்

நேற்று சாயங்காலம் நான்காவது கதவும் முடிந்தது. மோல்டிங், அதாவது கதவின் குறுக்கே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை, கையோடு வந்துவிட்டது. கூடவே ஒரு ரூபாய் நாணய அளவில் இரண்டு இடத்தில் பெயிண்டும் வந்துவிட்டது. முதல் கதவில் மயிரிழைக் கீறல்கள், நடுவில் இரண்டு கதவுகள் சுத்தம், கடைசிக் கதவில் அடி. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

வண்டி 2012 மாடல் மாருதி ஸ்விஃப்ட், சிவப்பு. சென்னை பெரம்பூரில் எங்கள் தெருவில் வெயிலிலும் மழையிலும் நிற்கிற வண்டி. வாங்கியபோதே நான்கு கதவிலும் கறுப்பு பிளாஸ்டிக் மோல்டிங் ஒட்டித் தந்தார்கள். பக்கத்தில் நிற்கிற வண்டிக்காரர் கதவைத் திறந்து இடித்தால் தாங்கும் என்றார்கள். உண்மையாகவே பல இடிகளைத் தாங்கியது. ஆனால் வெயில் தின்று கறுப்பு சாம்பல் நிறமாகிவிட்டது. முன் இடது கதவில் நுனி எழும்பிக்கொண்டு, எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அந்த இடுக்கில் மண் சேர்ந்து, தண்ணீர் விட்டுக் கழுவினால் இரண்டு நாள் கழித்தும் செந்நீர் ஒழுகியது. அது மண்ணா துருவா என்ற சந்தேகத்தில்தான் மொத்தத்தையும் கழற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஒரு பாவத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் எழும்பிய நுனியில் ஐந்து ரூபாய் க்விக் பசை இரண்டு சொட்டு விட்டு அழுத்தி ஒட்டினேன். அது மூன்று வாரம் தாங்கியது. அதற்கான கூலி பிறகு வருகிறது.

புதுப்பேட்டையில் தெரிந்த பெயிண்டர் ஒருவரிடம் கேட்டேன். நான்கு கதவும் கழற்றி, பாலிஷ் போட்டுத் தர 2,500 ரூபாய் சொன்னார். "பெயிண்ட் வந்துட்டா நான் பொறுப்பில்ல சார், சொல்லிட்டேன்" என்றும் சொன்னார். பொறுப்பு எப்படியும் என்னுடையதுதான் என்றால் வேலையையும் நானே செய்கிறேன் என்று வந்துவிட்டேன். கிளம்பும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தையை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை: "எந்தக் கதவு ரீபெயிண்ட்னு மொதல்ல பாத்துக்குங்க."

முதல் கேள்வி, இது வெறும் டேப்பா, உள்ளே கிளிப்பும் இருக்கிறதா? சில வண்டிகளில் மோல்டிங்கின் பின்பக்கம் பிளாஸ்டிக் முளைகள் இருக்கும், கதவுத் தகட்டில் அதற்கு ஓட்டை இருக்கும். அதை டேப் என்று நினைத்து இழுத்தால் முளை உடையும், கழற்றிய பிறகு கதவில் ஓட்டை தெரியும். ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் இதே மாதிரி புது மோல்டிங்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். முளை இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று 12 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு வரி டபுள் சைடு ஃபோம் டேப், அவ்வளவுதான். என் வண்டியிலும் எழும்பிய நுனி வழியாகப் பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை விட்டுத் தடவிப் பார்த்தேன். எங்கும் திடீரென்று முட்டி நிற்கவில்லை. முன் கதவு மோல்டிங் நீளம் 98 சென்டிமீட்டர், பின் கதவில் 71. அகலம் இரண்டிலும் 6.

இந்த ஃபோம் டேப்பின் குணம் ஒன்று தெரிந்தால் போதும். வெடுக்கென்று இழுத்தால் கல் மாதிரி நிற்கும். சூடாக்கி மெதுவாக இழுத்தால் மிட்டாய் பாகு மாதிரி நீளும். குளிர்ந்த டேப்பை நெம்பினால் பசை விடாது, பெயிண்ட்தான் விடும். அதனால் இழுக்கவே கூடாது, ஃபோமை நடுவில் அறுக்க வேண்டும். அறுக்கத் தூண்டில் நரம்பு. காசிமேட்டில் 0.5 மில்லிமீட்டர் நரம்பு 50 மீட்டர் சுருள் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. முதலில் வீட்டில் கிடந்த 0.3 மில்லிமீட்டர் நரம்பை வைத்து ஆரம்பித்தேன். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை அறுந்தது. 0.5 நரம்பும் வேகமாக இழுத்தால் உராய்ந்து சூடாகி உருகி அறுந்துவிடுகிறது. நிதானமாக, நீளநீளமாக இழுக்க வேண்டும். இரு முனையிலும் உடைந்த துடைப்பக் கட்டையில் ஒரு சாண் துண்டு கட்டிக்கொண்டேன். வெறும் விரலில் சுற்றினால் இரண்டாவது நிமிடத்தில் விரல் நீலமாகிவிடும்.

சூட்டுக்கு ஹீட் கன் வாங்கலாமா என்று யோசித்தபோது, மேல் வீட்டு அண்ணன் தன்னுடையதைக் கொடுத்தார். பழைய மோல்டிங் துண்டு ஒன்றில் வைத்துப் பார்த்தேன். குறைந்த சூட்டிலேயே அரை நிமிடத்தில் பிளாஸ்டிக் நெளிந்து குமிழி விட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டு ஹேர் டிரையர் போதும் என்பதுதான் என் அனுபவம். அதைவிட நல்ல அடுப்பு ஒன்று சென்னையில் இலவசம், வெயில். ஆனால் அதிலும் முதலில் ஏமாந்தேன்.

ஏப்ரல் உச்சி வெயிலில் வண்டி கொதிக்குமே, பன்னிரண்டு மணிக்கு ஆரம்பிப்போம் என்று போட்ட கணக்கு தப்பு. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டரைக் காட்டினால் காய்ச்சல் அளவைத் தாண்டியதும் அது வெறும் ஆங்கில எழுத்தைக் காட்டி ஓய்ந்தது. 850 ரூபாய்க்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் துப்பாக்கி ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. அதை வைத்துப் பார்த்தால் கூரை 67 டிகிரி, கதவு 45 தான். யோசித்தால் சின்ன விஷயம். அந்த நேரத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது, செங்குத்தான கதவில் வெயில் சரியாக விழாது. எங்கள் தெரு வடக்குத் தெற்காகப் போகிறது, அதனால் வண்டியின் ஒரு பக்கம் கிழக்கு, மறு பக்கம் மேற்கு. காலை ஒன்பதரைக்குக் கிழக்குப் பக்கக் கதவு 54 டிகிரி. மாலை மூன்றரைக்கு மேற்குப் பக்கம் 57. அந்த நேரங்கள்தான் வேலைக்கு நல்ல நேரம். நான் குறிவைத்த அளவு 55 முதல் 60 வரை. தொட்டால் இரண்டு விநாடிக்கு மேல் கை வைக்க முடியாத சூடு.

முதல் ஞாயிறு காலை முன் இடது கதவு. வண்டியைக் கழுவினேன். ஆனால் மோல்டிங்கின் மேல் விளிம்பில் இருந்த இடுக்கைக் கழுவவில்லை. மேலும் கீழும் இரண்டு அங்குல அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினேன். எழும்பிய நுனியில் நரம்பை நுழைத்து, ரம்பம் மாதிரி மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டே பின்பக்கம் நகர்ந்தேன். ஹேர் டிரையரை மகள் பிடித்துக்கொண்டாள். "அப்பா, கை வலிக்குது" என்ற புகாரோடு, பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி, அடுத்து அறுக்கப்போகும் இடத்தின் இரு விளிம்புகளிலும் மாற்றி மாற்றிக் காட்டினாள். மோல்டிங்கின் நடுவில் காட்டிப் பயனில்லை. நான்கு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கும் அதன் பின்னால் காற்று இடைவெளியும் தாண்டிச் சூடு டேப்புக்குப் போவதற்குள் மேல்பரப்பு வெந்துவிடும்.

நன்றாகவே அறுபட்டது. 98 சென்டிமீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம். எடுத்துப் பார்த்தால், இடுக்கில் இருந்த மணல் நரம்போடு சேர்ந்து ஓடி, பெயிண்டில் மெல்லிய கோடுகளை இழுத்திருந்தது. மாஸ்கிங் டேப் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. டேப்புக்கும் மோல்டிங்குக்கும் நடுவே நான் விட்ட மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில்தான் எல்லாக் கோடும். அன்று மாலையிலிருந்து இரண்டு வழக்கங்கள் வந்தன. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஷாம்பூ தண்ணீரும் வைத்து இடுக்கு முழுவதும் தேய்த்து, பைப்பில் அழுத்தமாகத் தண்ணீர் அடிப்பேன். மாஸ்கிங் டேப்பை மோல்டிங்குக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் நுழைகிற அளவுக்கு ஒட்டி, கார்டால் தள்ளிவிடுவேன்.

க்விக் பசை இருந்த இடத்தில் நரம்பு நின்றுவிட்டது. அந்தப் பசை ஃபோம் மாதிரி இளகாது, கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. அதைக் கரைக்க அசிட்டோன் வேண்டும், அசிட்டோன் பெயிண்டைத் தின்னும். பிளாஸ்டிக் பக்கமாக நரம்பை ஏற்றி, மோல்டிங்கின் பின்புறத்தைக் கொஞ்சம் கிழித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். கதவில் அரிசி மணி அளவு இரண்டு பொட்டு மிச்சம். 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, சின்ன அழிரப்பர் துண்டில் சுற்றி, பொட்டின் தலையை மட்டும் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்க முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு சொட்டுப் பசையின் விலை.

அந்தக் கதவிலேயே கற்ற இன்னொரு நுணுக்கம்: அறுக்கும்போது இரண்டு கையையும் கதவோடு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் வெளியே, மோல்டிங் பக்கமாகச் சாய்த்து இழுக்க வேண்டும். அப்போது நரம்பு பிளாஸ்டிக்கின் முதுகைத் தடவிக்கொண்டு ஓடும், ஃபோம் முழுவதும் கதவின் மேலேயே மெத்தை மாதிரி நிற்கும். துடைப்பதற்கு வேலை கூடுதல்தான், ஆனால் நரம்பு பெயிண்டைத் தொடவே தொடாது.

அன்று மாலை மூன்றரைக்கு முன் வலது கதவு. கழுவி, டேப் ஒட்டி, நரம்பு போட்டு, பதினெட்டு நிமிடத்தில் மோல்டிங் கையில். ஒரு கோடு இல்லை. அந்தச் சந்தோஷத்தில் காபி குடித்து, டிவி பார்த்து, மறுநாள் காலை வந்தால் மாஸ்கிங் டேப்பை எடுக்க மறந்திருந்தேன். வெயிலில் காய்ந்து, காகிதம் மட்டும் கிழிந்து வந்தது, பசை அப்படியே கதவில். மோல்டிங் பசையைத் துடைக்கப் போய் மாஸ்கிங் பசையையும் துடைத்த கதை. அடுத்த வாரத்துக்கு நீல நிற மாஸ்கிங் டேப் வாங்கினேன், 160 ரூபாய். விலை மூன்று மடங்கு, ஆனால் வெயிலில் நின்றும் சுத்தமாக வந்தது.

இனி ஃபோமை எடுக்கும் படலம். யாரிடம் கேட்டாலும் பெட்ரோல், தின்னர் என்பார்கள். பெட்ரோல் வெயிலில் தொட்டவுடன் காய்ந்துவிடும், ஊற நேரமே இல்லை, ஹேர் டிரையர் சுற்றும் இடத்தில் அதைத் திறக்கவும் மனம் வரவில்லை. தின்னரைக் கதவைத் திறந்து உள்விளிம்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். மூன்று கதவில் ஒன்றும் ஆகவில்லை. பின் இடது கதவில் மட்டும் துணி சிவப்பானது. அங்கேயே மூடி வைத்துவிட்டேன். அந்தச் சிவப்புத் துணி சொன்னதை அப்போதே முழுதாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

எனக்கு வேலை செய்தது நீலகிரித் தைலம். சளிக்கு வைத்திருந்த பாட்டில்தான் முதல் சோதனை. டிஷ்யூ காகிதத்தைத் தைலத்தில் நனைத்து ஃபோம் வரியின் மேல் ஒட்டி, அதன் மேல் பாலித்தீன் தாள் போர்த்தி, நிழலில் பத்து நிமிடம் விட்டேன். நிழல் முக்கியம், வெயிலில் தைலம் ஆவியாகித் தெரு முழுக்க மணந்ததுதான் மிச்சம். எடுத்ததும் ஃபோம் ஊறி உப்பியிருந்தது. கட்டைவிரலால் உருட்டினால் கறுப்புப் புழு மாதிரி திரண்டு வந்தது. வராத இடத்தில் பிளாஸ்டிக் நெம்புகோலின் தட்டை முனை. மிச்சமிருந்த பிசுபிசுப்புக்கு மறுபடி தைலம், பிறகு எண்ணெய்ப்பசை போக ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணி. ஒரு கதவுக்கு 50 மில்லி தைலம், ஒரு மணி நேரம், இரண்டு நாளுக்குக் கட்டைவிரல் வலி. வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏங்க, காருக்குச் சளியா?" என்றாள்.

மூன்றாவது கதவுக்கு அழிப்பான் சக்கரம் ஒன்றை இணையத்தில் வாங்கினேன், 380 ரூபாய். பள்ளிக்கூட ரப்பரை வட்டமாக வெட்டி டிரில்லில் மாட்டிய மாதிரி ஒரு பொருள். பின் வலது கதவின் 71 சென்டிமீட்டர் ஃபோமை எட்டே நிமிடத்தில் தூளாக்கிவிட்டது. ரப்பர் தூள் மழை, கருகிய வாடை, ஆனால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேகத்தைக் குறைத்து வைத்து, ஒரே இடத்தில் இரண்டு விநாடிக்கு மேல் நிற்காமல், தகட்டின் மடிப்பு விளிம்பில் படாமல் ஓட்ட வேண்டும். நின்றால் சூடேறும், சூடேறினால் மினுக்கு மங்கும். இதை முதல் கதவிலேயே வாங்கியிருந்தால் என் கட்டைவிரல் தப்பித்திருக்கும். கம்பெனி பெயிண்டுக்குத்தான் இது. மறுபடி பெயிண்ட் அடித்த கதவில் நான் வைக்கமாட்டேன்.

இப்போது நான்காவது. பின் இடது கதவை 2017இல் ஆட்டோ ஒன்று உரசிவிட்டுப் போனது. டிங்கரிங் பார்த்து, பள்ளத்தை நிரப்பப் பட்டிப் பூச்சு வைத்து, பெயிண்ட் அடித்து, பழைய மோல்டிங்கைப் புது டேப்பில் திரும்ப ஒட்டித் தந்தார்கள். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் மற்ற மூன்றைப் போலவே இதையும் நடத்தினேன். அதுவும் கடைசியாக. மூன்றாவது கதவு முடிந்தபோது மணி ஐந்தாகிவிட்டது. வண்டியைத் திருப்பி நிறுத்தினால் எதிர் வீட்டு மாடி நிழல் கதவில் பாதியை மறைத்தது. தெர்மாமீட்டர் 39 காட்டியது. மகள் டியூஷன் போய்விட்டாள். ஒரு கையில் டிரையர், ஒரு கையில் நரம்பு என்று மாற்றி மாற்றி அறுபது சென்டிமீட்டர் வரை வந்துவிட்டேன். மிச்சம் பத்து சென்டிமீட்டர்தான். நரம்பு அறுந்தது. மறுபடி கட்டப் பொறுமை இல்லை. மோல்டிங்கைப் பிடித்து வெளிப்பக்கமாக ஒரு இழுப்பு.

டப் என்று ஒரு சத்தம். மோல்டிங்கின் முதுகில் டேப், டேப்பின் மேல் சிவப்புத் தோல். கதவில் இரண்டு சாம்பல் நிற வட்டங்கள், ஒன்றின் நடுவில் பட்டியின் வெள்ளை எட்டிப் பார்த்தது.

பிறகு, வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டுகிற மாதிரி, சோதனையெல்லாம் செய்தேன். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவு கதவாக வைத்துப் பார்த்தேன். மற்ற மூன்றிலும் சட்டென்று பிடித்தது, இதில் கீழ்ப்பாதியில் வழுக்கி விழுந்தது, அவ்வளவு பட்டி. கண்ணாடி ரப்பர் பீடிங்கின் ஓரத்தைத் தூக்கினால் பெயிண்ட் அடித்தபோது மாஸ்கிங் செய்த கோடு தெரிந்தது. சாய்வாக நின்று பார்த்தால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம். இந்த மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. பார்த்திருந்தால் இந்தக் கதவைக் காலை வெயிலில், கடைசி சென்டிமீட்டர் வரை நரம்பாலேயே அறுத்திருப்பேன். அப்படியும் உரிந்திருக்கலாம், பட்டிக்கு மேல் பெயிண்ட் சரியாகப் பிடிக்காத கதவில் டேப்பின் பிடி பலமாக இருந்தால் யார் என்ன செய்ய முடியும். ஆனால் அந்த டப் சத்தம் முழுக்க என் கை வேலை.

மோல்டிங்குக்கு அடியில் துரு இல்லை. செந்நீர் வெறும் மண்தான். கீழ் டேப் வரியை ஒட்டி போர்வெல் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடைத்ததில் பெரும்பாலும் போனது. நிழல் கோடு மட்டும் உண்டு. மோல்டிங் மறைத்த ஆறு சென்டிமீட்டர் பட்டை புதுச் சிவப்பாகவும் சுற்றிலும் கொஞ்சம் வெளிறியும். பாலிஷ் போடும் காம்பவுண்டைக் கையால் இரண்டு சுற்றுத் தேய்த்ததில் நேராகப் பார்த்தால் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. சாயங்கால வெயிலில் சாய்வாகப் பார்த்தால் இன்னும் தெரிகிறது. முன் இடது கதவின் மயிரிழைக் கோடுகளில் முக்கால்வாசி இதிலேயே போய்விட்டன. தேய்த்த துணியும் ஒரு கதை சொன்னது. மூன்று கதவில் துணி வெள்ளையாகவே இருந்தது, நிறத்துக்கு மேலே லேக்கர் என்ற நிறமற்ற பூச்சு இருப்பதால். நான்காவதில் துணி ரோஸ் நிறமானது. அங்கே லேக்கரே இல்லை, நிறம்தான் மேற்பரப்பு. ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

செலவு: நரம்பு 70, பிளாஸ்டிக் நெம்புகோல் செட் 220, நீலகிரித் தைலம் இரண்டு பாட்டில் 340, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் அரை லிட்டர் 190, இரண்டு வகை மாஸ்கிங் டேப் 210, அழிப்பான் சக்கரம் 380, காம்பவுண்ட் 310, தாள் 40, தெர்மாமீட்டர் 850. மொத்தம் 2,610. புதுப்பேட்டைக்காரர் கேட்டதைவிட 110 ரூபாய் அதிகம், என் இரண்டு ஞாயிறு தனி. அந்தக் கதவை மறுபடி பெயிண்ட் அடிக்க அவரிடமே கேட்டேன், 3,500 என்றார். சிரிக்காமல் சொன்னார், அதற்காக அவருக்கு நன்றி. இப்போதைக்கு உரிந்த இரண்டு வட்டங்களின் விளிம்பையும் தாளால் சரித்து, பிரைமர் தொட்டு வைத்திருக்கிறேன், ஈரம் இறங்காமல் இருக்க.

டிக்கியில் இருக்கும் எம்பளத்தையும் இதே கையோடு எடுத்துவிடலாம் என்று நேற்று நரம்பை விட்டுப் பார்த்தேன். எழுத்துகள் சும்மா டேப்தான். நடுவில் இருக்கும் பெரிய எம்பளத்தில் நரம்பு இரண்டு இடத்தில் முட்டி நின்றது. உள்ளே முளை இருக்கிறது. நரம்பை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.